கேண்டிட், சினிமாட்டிக், ஃபைன் ஆர்ட்: கல்யாண போட்டோ ‘ஸ்டைல்’ பெயர்களுக்குள் என்ன இருக்கிறது?

கல்யாண வீட்டில் மண்டபமும் சமையலும் முடிவானதும் அடுத்து வந்து நிற்பது போட்டோ. நாலைந்து ஸ்டுடியோக்களிடம் கொட்டேஷன் கேட்டிருப்பார்கள். ஒன்றில் ‘ட்ரெடிஷனல் போட்டோ 1, ட்ரெடிஷனல் வீடியோ 1, கேண்டிட் போட்டோ 1, கேண்டிட் வீடியோ 1’ என்று மளிகைப் பட்டியல் மாதிரி இருக்கும். இன்னொன்றில் ‘சினிமாட்டிக் வெட்டிங் ஃபிலிம்’ என்ற ஒரே வரி. வேறொருவர் ‘ஃபைன் ஆர்ட் எடிட்டோரியல்’ என்று போட்டு, மற்றவர்களைவிடப் பல மடங்கு கேட்டிருப்பார். பெண்ணின் அப்பா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “எல்லாம் போட்டோதானேம்மா, இதுல என்ன வித்தியாசம்?” என்பார்.

நியாயமான கேள்வி. மகளுக்கு இன்ஸ்டாகிராமில் பார்த்த ஒரு சாயல் மனதில் இருக்கிறது. ஸ்டுடியோக்காரருக்குத் தன் வேலை தெரியும். இருவரும் ஒரே பெயரைச் சொல்லி ஆளுக்கொன்றை நினைத்துக்கொள்ள, அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது. நான் ஆல்பம் வடிவமைக்கும் வேலையில் இருப்பவன். பல ஸ்டுடியோக்களின் படங்கள் என் கணினி வழியாகப் போகின்றன. ‘கேண்டிட்’ என்று பெயரிட்ட இரண்டு ஃபோல்டர்களை அடுத்தடுத்துத் திறந்தால், இரண்டும் ஒரே தொழிலைச் சேர்ந்தவைதானா என்று சந்தேகம் வரும். அந்தப் பெயர்களை இங்கே பிரித்துப் போட்டுப் பார்க்கிறேன்.

## 916-உம் ‘ஆன்டிக்’கும்

கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போனால் இரண்டு வகைச் சொற்கள் காதில் விழும். ‘916’ என்பது முதல் வகை. ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், அதாவது 22 கேரட். சோதனைக்கூடத்தில் சோதித்துப் பார்த்துப் போட்ட முத்திரை அது. தி.நகரில் வாங்கினாலும் திருநெல்வேலியில் வாங்கினாலும் பொருள் ஒன்றே. குறைந்திருந்தால் சட்டப்படி கேட்கலாம்.

‘ஆன்டிக்’, ‘டெம்பிள்’ என்பவை இரண்டாம் வகை. ஒரு கடையில் ஆன்டிக் என்றால் மங்கிய மெருகு, இன்னொரு கடையில் கெம்புக்கல் பதித்த எதுவும். கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று சொல்ல முடியாது. அந்தச் சொல் ஒரு தோற்றத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதற்கு முத்திரையும் இல்லை, அளவுகோலும் இல்லை.

கல்யாண போட்டோத் தொழிலில் புழங்கும் பெயர்கள் அத்தனையும் இந்த இரண்டாம் வகை. கேண்டிட் என்றால் இது என்று எந்த வாரியமும் வரையறுக்கவில்லை. சினிமாட்டிக் என்று போட்டுக்கொள்ள யாரும் தேர்வு எழுத வேண்டியதில்லை. வாங்குகிறவர்தான் 916 வாங்குகிற நினைப்பில் பணம் கொடுக்கிறார்.

## ஒரு பெயர், நான்கு விஷயம்

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றியவை அல்ல. ‘ட்ரெடிஷனல்’, ‘கேண்டிட்’, ‘டாக்குமெண்டரி’, ‘எடிட்டோரியல்’ ஆகியவை போட்டோக்காரர் மனிதர்களை எவ்வளவு இயக்குகிறார் என்பதைச் சொல்கின்றன. ‘நேச்சுரல் லைட்’ வெளிச்சத்தைப் பற்றியது. ‘மூடி’ (moody), ‘லைட் அண்ட் ஏரி’ (light and airy) இரண்டும் எடுத்த பிறகு கணினியில் நிறத்தை என்ன செய்கிறார்கள் என்பதைக் குறிப்பவை. ‘சினிமாட்டிக்’ பெரும்பாலும் வீடியோவைச் சேர்ந்தது. ‘ஃபைன் ஆர்ட்’ எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்த பெயர்.

ஆகவே ‘கேண்டிட்டா, மூடியா?’ என்று கேட்பது பொருந்தாத கேள்வி. ஒரே படம் கேண்டிட்டாகவும் மூடியாகவும் இருக்கலாம். யார் இயக்குகிறார், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, நிறம் என்ன ஆகிறது, கடைசியில் கைக்கு என்ன வருகிறது என்று நான்காகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

## தாலி கட்டும் அரை நிமிடம்

முதல் விஷயத்தை, அதாவது யார் இயக்குகிறார் என்பதை, ஒரு காட்சியை வைத்தே பார்த்துவிடலாம். முகூர்த்த நேரம். தட்டில் வைத்த தாலி மண்டபம் முழுக்கச் சுற்றி, ஆசி வாங்கித் திரும்பி வந்துவிட்டது. ஐயர் கையை உயர்த்தி “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்கிறார். தவில் வேகம் பிடிக்கிறது. மாப்பிள்ளை குனிந்து முதல் முடிச்சைப் போட, மற்ற முடிச்சுகளைப் போட நாத்தனார் பின்னால் தயாராக நிற்கிறாள். அட்சதை பறக்கிறது. மொத்தமே அரை நிமிடம்.

ட்ரெடிஷனல் போட்டோக்காரர் மணமக்களுக்கு நேர் எதிரே நிற்கிறார். “மாப்பிள்ளை, தாலியை அப்படியே பிடிங்க, இங்க பாருங்க, பின்னாடி இருக்கவங்க கொஞ்சம் விலகுங்க” என்று அந்த அரை நிமிடத்தையே நிறுத்திவைப்பார். ஃப்ளாஷ் அடிக்கும். தாலி, பெண்ணின் முகம், மாப்பிள்ளையின் முகம், பின்னால் நிற்கும் பெற்றோர் என்று எல்லாம் பளிச்சென்று விழும். லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்துக்கு அப்பர்ச்சர் என்று பெயர். அதைச் சுருக்கிவைத்தால் முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் சேர்ந்தே தெளிவாக விழுவார்கள். ட்ரெடிஷனலுக்கு அதுதான் தேவை.

இதைப் பழைய பாணி என்று இளக்காரமாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு ஃபிலிம் ரோலில் 36 படம் என்றிருந்த காலத்தில் உருவான ஒழுங்கு அது. ஒவ்வொரு கிளிக்குக்கும் ஃபிலிம், கழுவும் செலவு, பிரிண்ட் என்று காசு. கண் மூடியிருந்தால் அந்தப் படம் வீண். அதனால் நிறுத்தி, நிமிர்த்தி, எண்ணி எடுத்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் மேடையேறி மணமக்களோடு நின்றார்கள். இருபது வருடம் கழித்து ஆல்பத்தைத் திறந்து, “இது யாரு, கும்பகோணத்துச் சித்தப்பாவா?” என்று அடையாளம் காணும் வசதியைக் கொடுப்பது அந்தப் படங்கள்தான். கேண்டிட் மட்டும் எடுத்துக்கொண்டு பிறகு வருந்துகிறவர்கள் வருந்துவது பெரும்பாலும் இதற்குத்தான்: பாட்டியோடு நேராக நின்று எடுத்த ஒரு படம் இருக்காது.

கேண்டிட் என்றால், படம் எடுக்கப்படும் உணர்வே இல்லாமல் இருப்பவரைப் படம் எடுப்பது. 1920-களின் பிற்பகுதியில் எரிக் சாலமன் என்ற ஜெர்மானியர், எர்மனாக்ஸ் என்ற சிறிய கேமராவை வைத்துக்கொண்டு நீதிமன்றங்களிலும் ராஜதந்திரிகளின் கூட்டங்களிலும் ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்த படங்களால்தான் இந்த முறை பத்திரிகை உலகில் பேர் வாங்கியது. நம் தாலிக் காட்சியில் கேண்டிட் போட்டோக்காரர் நேர் எதிரே நிற்கமாட்டார். பக்கவாட்டில், ஏழெட்டு அடி தள்ளி, நீளமான லென்ஸோடு இருப்பார். அப்பர்ச்சரை அகலத் திறந்துவைத்திருப்பதால் ஒரு முகம் மட்டும் தெளிவாகவும் மற்றதெல்லாம் கரைந்தும் விழும். தாலியையே விட்டுவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கும் பெண்ணின் அம்மாவை அவர் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. இந்த முறையில் நிறைய எடுத்து, நிறையக் கழிக்க வேண்டும். பாதி இமை மூடியது, வாய் கோணியது, யாரோ குறுக்கே வந்தது எல்லாம் போக மிஞ்சுவதே படம். டிஜிட்டல் கேமரா வந்து கிளிக்குக்குக் காசில்லை என்றான பிறகுதான் கல்யாண வீடுகளுக்கு இது கட்டுப்படியானது. “எடுத்ததை எல்லாம் அப்படியே கொடுத்துடுங்க தம்பி” என்று கேட்கும்போது போட்டோக்காரர் முகம் சுளிப்பது இதனால்தான். கழிப்பதற்கும் சேர்த்துத்தான் அவர் கூலி வாங்குகிறார்.

டாக்குமெண்டரி இதன் கறாரான வடிவம். கேண்டிட் ஒரு முகத்தைத் தேடும், டாக்குமெண்டரி நடந்ததைச் சூழலோடு வைக்கும். அதே தாலிக் காட்சியில் இவர் இன்னும் நாலடி பின்னால் போவார். உயர்த்திய செல்போன்கள், வீடியோக்காரரின் லைட் ஸ்டாண்டு, நாற்காலியில் தூங்கும் குழந்தை எல்லாம் படத்தில் இருக்கும். யாரையும் நகரச் சொல்லமாட்டார். 1996-இல் ஜான் எஃப். கென்னடியின் மகன் ஜார்ஜியா மாநிலத் தீவொன்றில் திருமணம் செய்துகொண்டபோது டெனிஸ் ரெஜ்ஜி எடுத்த படம் இந்த வழிக்குப் பெரிய விளம்பரமாக அமைந்தது: சிறு தேவாலயத்திலிருந்து வெளியே வரும்போது மணமகன் மணமகளின் கையை முத்தமிடுகிறார், போஸ் இல்லை. பத்திரிகை நிருபரைப் போல ஒரு கல்யாணத்தை எடுக்கலாம் என்ற எண்ணம் அதன் பிறகு அமெரிக்காவில் வேகமாகப் பரவியது.

எடிட்டோரியல் இதற்கு எதிர்முனை. ஃபேஷன் பத்திரிகையின் பக்கம்போல ஒவ்வொரு விரலையும் அமைத்து எடுப்பது. தாலி கட்டும் அரை நிமிடத்தில் இவருக்கு வேலையே இல்லை. காலையில் அலங்கார அறையிலும், சடங்குகள் முடிந்த பிறகு மாடிப்படியிலும்தான் இவருடைய நேரம். கன்னத்தைத் திருப்புங்கள், சிரிக்க வேண்டாம், முந்தானை விழட்டும் என்று சொல்லிச் சொல்லி எடுப்பார். அதற்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். நம் கல்யாணத்தில் முகூர்த்தம் முடிந்த அடுத்த நிமிடம் அம்மி மிதிக்கவும் மொய் எழுதவும் பந்திக்குமாகக் கூட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதால், எடிட்டோரியல் கேட்கும் வீடுகள் அந்த ஒரு மணி நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெயருக்குக் கொடுத்த பணம் வீண்.

இப்போது கொட்டேஷனுக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டில் ‘கேண்டிட் 1’ என்று எழுதினால், பெரும்பாலும் அது முறையைக் குறிப்பதில்லை. ‘கூடுதலாக ஓர் ஆள், நல்ல லென்ஸோடு’ என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள். அந்த ஆள், முகூர்த்தம் முடிந்ததும் மணமக்களைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய், “கேமராவைப் பார்க்காம, பேசிக்கிட்டே நடந்து வாங்க, அண்ணி கொஞ்சம் சிரிங்க” என்பார். பார்க்காததுபோல் நடிக்கச் சொல்லி எடுத்த படம் அழகாகவே இருக்கும். அது இயக்கி எடுத்த படம் என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும்.

சுருக்கமாக: இயக்கி எடுப்பதை ஒரு முனையிலும் தலையிடாததை மறுமுனையிலும் வைத்தால், எடிட்டோரியலும் ட்ரெடிஷனலும் இயக்கும் பக்கம்; கேண்டிட் தலையிடாத பக்கத்துக்கு நெருக்கம்; டாக்குமெண்டரி அந்தக் கடைசி முனை. கொட்டேஷனில் இருக்கும் ‘கேண்டிட்’ எங்கே விழும் என்பது வருகிற ஆளைப் பொறுத்தது.

## நாலரை மணி முகூர்த்தத்தில் ‘நேச்சுரல் லைட்’

வெளிச்சத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. நேச்சுரல் லைட் என்றால் ஃப்ளாஷ் போடாமல், ஜன்னலிலிருந்தும் வானத்திலிருந்தும் வருவதை வைத்தே எடுப்பது. அதிகாலை நாலரை முகூர்த்தத்தில், ஏசிக்காகத் திரை இழுத்து மூடிய மண்டபத்தில், அப்படி ஒரு வெளிச்சம் கிடையாது. கிடைப்பது அலங்காரக்காரர் வைத்த மஞ்சள் பல்பு, கூரையின் வெள்ளை டியூப் லைட், மேடை ஓரத்து ஊதா எல்இடி. ஒவ்வொன்றும் ஒரு நிறம். எந்த வெளிச்சத்தை வெள்ளை என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்புக்கு வொயிட் பேலன்ஸ் என்று பெயர். மஞ்சள் பல்புக்குச் சரிசெய்தால் டியூப் லைட் நீலமாகிவிடும். முகத்தில் ஊதா விளக்கு விழுந்திருந்தால் எந்த எடிட்டராலும் அந்தத் தோலை முழுதாக மீட்க முடியாது. எந்த ஸ்டைல் என்று யோசிக்கும் முன் அலங்காரக்காரரைக் கூப்பிட்டு, மணமேடைக்கு நேரே வண்ண விளக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவது அதிகப் பலன் தரும்.

## அரக்குப் புடவைக்கு என்ன ஆகிறது?

நிறம்தான் உண்மையில் இந்தப் பெயர்களின் சூட்சுமம். இன்ஸ்டாகிராமில் ஒரு ஸ்டுடியோவின் பக்கம் ‘தனித்துவமாக’த் தெரிவதற்கு முக்கால் காரணம் ஒரு ப்ரீசெட். படத்தின் வெளிச்சம், கருமை, ஒவ்வொரு நிறத்தின் சாயல் ஆகியவற்றை முன்பே முடிவுசெய்து சேமித்துவைத்த அமைப்புத் தொகுப்புதான் ப்ரீசெட். அடோபி நிறுவனத்தின் லைட்ரூம் மென்பொருள் 2007-இல் வந்தது. அதில் ஒரு ப்ரீசெட்டைத் தட்டினால் ஆயிரம் படங்களும் ஒரே சாயலுக்கு வந்துவிடும். நல்ல ப்ரீசெட்டை விலைக்கு வாங்கவும் செய்யலாம். ஸ்டுடியோவின் ‘ஸ்டைல்’ சில சமயம் இப்படிக் காசு கொடுத்து வாங்கியதுதான்.

லைட் அண்ட் ஏரி என்பது வெளுத்து, மென்மையாக, பால் கலந்ததுபோல் இருக்கும் தோற்றம். இது ஃபிலிமிலிருந்து வந்தது. கலர் நெகட்டிவ் ஃபிலிமில் தேவைக்கு மேல் வெளிச்சம் விட்டாலும் படம் கெடாது, வெளிர் நிறங்கள் இதமாகவே விழும். ஃப்யூஜிஃபிலிமின் ப்ரோ 400ஹெச் இதற்குப் பேர்போனது. 2021-இல் அதன் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அமெரிக்கக் கல்யாணத்துக்கு இது பொருந்திப்போனதில் வியப்பில்லை. வெள்ளை கவுன், வெளிர் ரோஜா, திறந்தவெளி, மாலை வெயில்.

அதையே டிஜிட்டலில் பாவனை செய்து நம் கல்யாணத்தில் போட்டால் என்ன நடக்கும்? அரக்குச் சிவப்புப் பட்டு, பவளம்போல வெளிறும். மாப்பிள்ளையின் வேட்டி, நெசவு தெரியாத வெள்ளைத் திட்டாகும். டிஜிட்டலில் எடுக்கும்போதே அளவுக்கு மீறி வெளுத்த இடத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மாநிறம் இரண்டு படி ஏறிவிடும்.

மூடி இதற்கு நேர்மாறு. நிழல்கள் அடர்ந்து, பச்சைகள் பழுப்பேறி, தோல் செம்புச் சாயலில் இருக்கும். காட்டில் எடுத்த ப்ரீ வெட்டிங் படங்களில் அருமையாக இருக்கும் தோற்றம். அதற்காக அந்த ப்ரீசெட், பச்சையை மஞ்சள் பக்கமாகத் தள்ளி, அதன் அழுத்தத்தையும் குறைக்கும். அதையே மண்டபத்தில் போட்டால், வாசலில் கட்டிய வாழைமரமும் மாவிலைத் தோரணமும் ஒரு வாரம் வாடியதுபோல ஆகிவிடும். கிளிப்பச்சைப் புடவை கட்டிய அத்தை ஆல்பத்தில் பாசிப்பழுப்பில் நிற்பார். நிச்சயம் போன் வரும்.

இதில் ஒரு நுட்பமான சிக்கலைச் சொல்ல வேண்டும். லைட்ரூமில் நிறங்களைத் தனித்தனியாக மாற்ற எட்டு ஸ்லைடர்கள் உண்டு: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று போகும். நம் தோல் பெரும்பாலும் ஆரஞ்சில் விழுகிறது. தங்க நகையும் புடவையின் ஜரிகையும் குத்துவிளக்குச் சுடரும் அதன் பக்கத்திலேயே விழுகின்றன. ‘பொண்ணைக் கொஞ்சம் கலரா காட்டுங்க’ என்ற வேண்டுகோளுக்காக ஆரஞ்சின் வெளிச்சத்தை ஏற்றினால் தோலோடு நகையும் வெளுத்து, 22 கேரட் தங்கம் கவரிங் மாதிரி ஆகிவிடும். அந்த வேண்டுகோளே எனக்குப் பிடிக்காது என்பது வேறு விஷயம். பிடிக்காவிட்டாலும், தொழில்நுட்பமாகவே அதில் நஷ்டம் இருக்கிறது.

‘ட்ரூ டு லைஃப்’, ‘டைம்லெஸ்’ என்று சில ஸ்டுடியோக்கள் எழுதுவது, புடவை கடையில் பார்த்த நிறத்திலேயே இருக்கும் என்ற பொருளில். கவர்ச்சி குறைவான பெயர்தான். பட்டுக்குத் தனியாகச் செலவழித்தவர்கள் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

இதுவரை பார்த்ததில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். எடுக்கும் முறை எடுத்த நொடியில் முடிந்துவிடுகிறது. நிறம் பிறகு கணினியில் முடிவாகிறது. அசல் கோப்பு, அதாவது ரா ஃபைல், அழியாதவரை நிறத்தை மாற்றி எடுக்கலாம், அட்சதை போடும் நொடியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே நிறத்தைவிட முறைக்கு அதிக யோசனை தேவை.

## சினிமாட்டிக்: மந்திரம் எங்கே போயிற்று?

பழைய கல்யாண வீடியோ எல்லோருக்கும் நினைவிருக்கும். தோளில் கேமரா, தலைக்கு மேல் கண்ணைக் கூசும் விளக்கு, வரிசையாகச் சாப்பிடுகிறவர்களின் இலைகள். 2008-இல் கேனன் 5டி மார்க் 2 வந்தது. போட்டோ கேமராவிலேயே, பெரிய சென்சாரில், முழு ஹெச்டி வீடியோ. அதுவரை கல்யாண வீடியோவில் முன்னும் பின்னும் எல்லாமே தெளிவாகத் தெரியும். இந்தக் கேமராவில் பின்னணி கரைந்தது. பார்த்தவர்கள் சினிமா மாதிரி இருக்கிறது என்றார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

இன்று அந்தப் பெயருக்குள் நாலைந்து விஷயங்கள் இருக்கின்றன. கரையும் பின்னணி ஒன்று. கிம்பல் என்ற மோட்டார் கைப்பிடியால் குலுங்காமல் மிதந்து போகும் காட்சி இன்னொன்று. நிழலில் நீலப்பச்சையும் தோலில் ஆரஞ்சுமாக நிறம் ஏற்றுவது, அதாவது கலர் கிரேடிங், மற்றொன்று. மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்தால் திரை அகலமாகத் தெரியும். அதற்குப் பெரிய வேலை எதுவும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஸ்லோமோஷன். வீடியோ என்பது ஒரு நொடிக்கு இத்தனை படம் என்ற கணக்கு. அதுதான் ஃப்ரேம் ரேட். சினிமாவுக்கு 24. நொடிக்கு 120 படம் எடுத்து அதை 24-ஆக ஓட்டினால், ஒரு நொடி ஐந்து நொடியாக நீளும். அட்சதை ஒவ்வொன்றாக இறங்கும். அழகுதான். ஆனால் ஐந்து மடங்கு இழுத்த ஒலியை யாரும் கேட்க முடியாது. அதனால் அந்தக் காட்சிகளில் ஒலியை எடுத்துவிட்டுப் பாட்டைப் போடுகிறார்கள். முழுக்க ஸ்லோமோஷனில் எடுத்த சினிமாட்டிக் வீடியோவில் நாதஸ்வரம் கிடையாது, மந்திரம் கிடையாது, நலங்கில் பாட்டி பாடிய பாட்டு கிடையாது. பத்து வருடம் கழித்து அந்தக் குரலைக் கேட்க வேண்டும்போல இருக்கும்போதுதான் அது தெரியவரும்.

நல்ல சினிமாட்டிக் குழு மாப்பிள்ளையின் சட்டைக்குள் ஒரு சிறு மைக்கை வைக்கும், மேளக்காரர் பக்கம் ஒரு ரெக்கார்டரை வைக்கும். மோசமான குழு பாட்டைத் தேடும். கொட்டேஷனில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

கைக்கு வருவதையும் பாருங்கள். சினிமாட்டிக்கில் வழக்கமாகக் கிடைப்பது ஒரு நிமிட டீசரும் நாலைந்து நிமிட ஹைலைட்ஸும். ஹைலைட்ஸ் என்றால் முழுக் கல்யாணத்தின் தொகுப்பு, பாட்டுக்கு ஏற்ப வெட்டியது. மேடையேறிய ஒவ்வொருவரும் இருக்கும் முழுநீள வீடியோ வேண்டுமென்றால் அது ட்ரெடிஷனல் வீடியோ என்ற தனி வரி. அந்த வரி இல்லாத கொட்டேஷனில் அது வராது.

## ஃபைன் ஆர்ட் என்றால்?

சொல்லப்போனால், எனக்கு மிகவும் எரிச்சல் தரும் பெயர் இதுதான். அமெரிக்காவில் இது ஓரளவு திட்டமான பொருளில் வந்தது: மீடியம் ஃபார்மட் என்ற பெரிய ஃபிலிமில் எடுப்பது, வெளிர் நிறங்கள், அழைப்பிதழையும் மோதிரத்தையும் அழகாக அடுக்கி எடுப்பது, மெதுவாக, குறைவாக எடுப்பது. இங்கே வந்து சேர்ந்தபோது ஃபிலிம் கழன்றுவிட்டது, மெதுவும் கழன்றுவிட்டது, வெளிர் நிறமும் விலையும் தங்கிவிட்டன. ஒரு ஸ்டுடியோ இந்தப் பெயரைப் போட்டிருந்தால், எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். உண்மையிலேயே அப்படி வேலை செய்பவர்கள் அரை மணி நேரம் விளக்குவார்கள்.

## பெயர் ஏன் தேவைப்படுகிறது?

இவ்வளவு குழப்பமான பெயர்களை ஏன் வைத்துக்கொள்கிறார்கள்? ஒரே கேமரா, ஒரே லென்ஸ், ஒரே மண்டபங்கள். வாங்குகிறவருக்குத் தரம் தெரியவருவது கல்யாணம் முடிந்து படம் கைக்கு வந்த பிறகுதான். அதற்கு முன்னால் நம்பிக்கை வைக்க ஏதாவது ஒன்று வேண்டும். சந்தையில் தன்னை எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்று ஒரு கடை எடுக்கும் முடிவுக்குப் பொசிஷனிங் என்று பெயர். ஸ்டைல் பெயர் அந்த வேலையைச் செய்கிறது. ‘நாங்கள் சாதாரண ஸ்டுடியோ அல்ல, எங்கள் விலையும் சாதாரணம் அல்ல’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. இதில் தவறில்லை. தெளிவான பாணி உள்ளவருக்கு, அந்தப் பாணி பிடித்த வீடுகளே தேடி வரும். இரண்டு பக்கமும் நிம்மதி.

சிக்கல் வருவது சாம்பிளில். ஸ்டுடியோவின் பக்கத்தில் இருப்பவை பல கல்யாணங்களிலிருந்து பொறுக்கிய படங்கள். சில, கல்யாணமே இல்லாமல் மாடல்களை வைத்து எடுத்தவை. அவற்றுக்கு ஸ்டைல்டு ஷூட் என்று பெயர். மாலை வெயிலில், அவசரமில்லாத ஜோடியோடு எடுத்த படம், தாழ்ந்த கூரை மண்டபத்தில் முந்நூறு பேர் நெரிக்கும்போது எடுக்கப்போகும் படத்தைப் பற்றி எதையும் சொல்லாது.

இன்னொரு சிக்கல் நம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் குறிப்பிட்ட சில நாட்களில் ஊரே கல்யாணம். வளர்பிறை முகூர்த்தம் ஒன்றில் ஒரே ஸ்டுடியோ பல ஆர்டர்களை எடுத்திருக்கும். முதலாளி ஓர் இடத்துக்குத்தான் போக முடியும். மற்ற இடங்களுக்கு அன்றைக்குக் கூலிக்கு வரும் ஃப்ரீலான்ஸ் போட்டோக்காரர்கள் போவார்கள். ஸ்டைல் என்பது கண்ணும் கையும் சம்பந்தப்பட்டது. நீங்கள் பெயருக்குப் பணம் கட்டுகிறீர்கள், வருவது வேறு கண். ப்ரீசெட் மட்டும் அதே ப்ரீசெட்.

## பெயரை விட்டுவிட்டு எதைக் கேட்கலாம்?

முதலில், ஒரு முழுக் கல்யாணத்தைக் காட்டச் சொல்லுங்கள். பொறுக்கிய படங்கள் வேண்டாம். ஒரே வீட்டின் கல்யாணம், காலையிலிருந்து ரிசப்ஷன் வரை, வாடிக்கையாளருக்குக் கொடுத்தது அப்படியே. உங்கள் மண்டபம் மாதிரியான ஒன்றாக இருந்தால் நல்லது. அதில் பந்தி நேரத்துப் படங்களையும் மேடையில் குடும்பத்தோடு நின்ற படங்களையும் பாருங்கள். நல்ல தருணத்தை யாரும் எடுத்துவிடுவார்கள், சலிப்பான தருணத்தில்தான் கை தெரியும்.

அடுத்து, எங்கள் தேதியில் யார் வருவார்கள், அவர் எடுத்த முழுக் கல்யாணம் ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். பெயரை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். தாலி கட்டும்போது எங்கே நிற்பார், மாப்பிள்ளையை நிறுத்துவாரா என்றும் கேட்கலாம். பதிலிலேயே அவர் எந்த முனையைச் சேர்ந்தவர் என்று தெரிந்துவிடும். உங்களுக்கு எது விருப்பமோ, அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். ஐயர் காத்திருக்கும்போது பேச முடியாது.

முகூர்த்தப் புடவையின் படத்தை, கடையில் பகல் வெளிச்சத்தில் எடுத்ததை, வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘ஆல்பத்தில் இந்த நிறம் வரவேண்டும்’ என்று எழுதிவையுங்கள். ஆல்பம் டிசைன் செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு படம் பெரிய உதவி. எடிட் செய்த படங்கள் எத்தனை, ஹைலைட்ஸ் எத்தனை நிமிடம், ஒலி தனியாகப் பதிவாகிறதா, ஆல்பம் எத்தனை ஷீட், எத்தனை மாதத்தில் வரும் என்பவையும் எழுத்தில் இருக்கட்டும். கட்டாயம் வேண்டிய குடும்பப் படங்களின் பட்டியலை உறவினர் ஒருவர் கையில் கொடுத்து, போட்டோக்காரரோடு நிற்கச் சொல்லுங்கள். கும்பகோணத்துச் சித்தப்பா யார் என்று போட்டோக்காரருக்குத் தெரியாது.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தையும் படித்துவிடுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு உடன்படிக்கை இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அந்த ‘வேறு உடன்படிக்கை’ பல ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்: படங்களை எங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம் என்று. அடுத்த வீட்டுக்குக் காட்டும் சாம்பிள் அப்படித்தான் சேர்கிறது. உங்கள் வீட்டுப் படங்கள் அந்த வரிசையில் வேண்டாம் என்றால் அந்த வரியை அடித்துவிட்டு, இரு தரப்பும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். அதற்காகச் சிலர் விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்வார்கள், பேசிப் பாருங்கள்.